எட்டு விநாடிகள்: 1989 டூர் டி பிரான்ஸை ஃபின்யோன் எங்கே இழந்தார்?

வாசகர் கேள்வி, 22 ஜூலை 2024

மூன்று வார மொத்த நேரத்தைக் கூட்டி வெற்றியாளரைத் தீர்மானிக்கும் சைக்கிள் போட்டியான டூர் டி பிரான்ஸ் நேற்று நீஸ் நகரில் முடிந்தது. பாரிஸில் ஒலிம்பிக் நடக்கவிருப்பதால் முடிவிடத்தை மாற்றியதோடு, கடைசி நாளை மொனாக்கோவிலிருந்து நீஸ் வரையிலான 33.7 கிலோமீட்டர் டைம் டிரையலாகவும் (ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கடிகாரத்தோடு ஓடுவது) வைத்துவிட்டார்கள். கடைசி நாளில் டைம் டிரையல் வந்தது 1989-க்குப் பிறகு இதுவே முதல் முறை. அந்த 1989 போட்டியைப் பிரெஞ்சுக்காரர் லோரான் ஃபின்யோன் 8 விநாடியில் இழந்ததற்குக் காரணம், அவரை வென்ற அமெரிக்கர் கிரெக் லெமாண்ட் பூட்டியிருந்த புது மாதிரி ஹேண்டில்பார் மட்டுமே என்பது என் கருத்து. வென்றது மனிதர் அல்ல, கம்பி. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

22 ஜூலை 2024, இரவு 10.15

மறுக்கிறேன்.

அந்த நாளை முதலில் சரியாக நிறுத்திக்கொள்வோம். 1989 ஜூலை 23, ஞாயிற்றுக்கிழமை. வெர்சாயிலிருந்து பாரிஸின் ஷான்ஸெலிஸே வரை 24.5 கிலோமீட்டர். மூன்று வாரம், சுமார் 3,260 கிலோமீட்டர் ஓடி முடிந்த நிலையில் ஃபின்யோன் 50 விநாடி முன்னிலையில் இருந்தார். 24.5 கிலோமீட்டரில் 50 விநாடியை மீட்பதென்றால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 2 விநாடிக்கு மேல் பறிக்க வேண்டும். முன்னிலையில் இருப்பவர் இரண்டு முறை டூரையும், அதே ஆண்டு ஜூனில் இத்தாலியின் ஜீரோ என்னும் மூன்று வாரப் போட்டியையும் வென்றவர் என்னும்போது, அது நடக்கக்கூடியது என்று சொன்னவர்கள் அன்று மிகச் சிலரே.

லெமாண்ட் இரண்டு நிமிடம் முன்னதாகப் புறப்பட்டார். முழங்கைகளை ஊன்றிக் கைகளை முன்னே நீட்டிக்கொள்ளும் ஹேண்டில்பார், பின்புறம் கூரான தலைக்கவசம், பின்னால் மட்டும் தட்டுப் போல மூடிய டிஸ்க் சக்கரம், முன்னால் ஸ்போக்ஸ் கம்பிச் சக்கரம். வழியில் இடைநேரம் எதையும் தன்னிடம் சொல்லக் கூடாது என்று அணி இயக்குநரிடம் சொல்லிவிட்டார். தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை, மிதிப்பது ஒன்றே வேலை. ஃபின்யோனிடம் எருமைக் கொம்பு போன்ற பழைய ஹேண்டில்பார், முன்னும் பின்னும் டிஸ்க் சக்கரம், வெறுந்தலை, காற்றில் ஆடும் குதிரைவால் கூந்தல். லெமாண்ட் 26 நிமிடம் 57 விநாடியில் வந்து சேர்ந்தார். சராசரி வேகம் மணிக்கு 54.545 கிலோமீட்டர். ஃபின்யோன் 27 நிமிடம் 47 விநாடிக்குள் வந்திருக்க வேண்டும். 27 நிமிடம் 55 விநாடியில் வந்தார்.

லெமாண்டின் மொத்த நேரம் 87 மணி 38 நிமிடம் 35 விநாடி. அதில் 8 விநாடி. போட்டியின் சராசரி வேகத்தில் அது 83 மீட்டர்.

ஆனால் அந்த ஹேண்டில்பார் அன்று காலையில் வானத்திலிருந்து விழவில்லை. ஐந்தாம் கட்டத்தில் (ஒவ்வொரு தனி ஓட்டமும் ஒரு கட்டம்), தினாரிலிருந்து ரென் வரையிலான 73 கிலோமீட்டர் டைம் டிரையலிலேயே லெமாண்ட் அதை வைத்து ஓட்டி வென்று மொத்த நேரத்தில் முன்னிலையில் இருப்பவருக்கான மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டார். பிரான்ஸ் முழுவதும் படத்தோடு பார்த்தது. அதன்பின் இரண்டு வாரத்துக்கும் மேலாக ஃபின்யோனின் அணிக்கு நேரம் இருந்தது. கடையில் கிடைக்கும் பொருளை வாங்கிப் பூட்டாதவர், பூட்டியவரைக் குறை சொல்ல முடியாது.

22 ஜூலை 2024, இரவு 11.02

ஒரு கணக்கு மனத்தில் ஓடுவதால் தூங்க முடியவில்லை. ரென் டைம் டிரையலில் லெமாண்ட் ஃபின்யோனைவிட 56 விநாடி வேகம்; தூரம் 73 கிலோமீட்டர்; ஆகவே கிலோமீட்டருக்கு 0.77 விநாடி. பாரிஸில் 58 விநாடி, தூரம் 24.5, கிலோமீட்டருக்கு 2.37 விநாடி. ஆள்கள் அதே இருவர், ஹேண்டில்பார் அதே ஹேண்டில்பார். வித்தியாசம் மட்டும் மும்மடங்கு. கம்பிதான் வென்றது என்றால் அந்தக் கம்பி ரென்னில் ஏன் மூன்றில் ஒரு பங்கு வேலை மட்டும் செய்தது? கேள்வி கேட்ட நண்பர் காலையில் பதில் சொல்லட்டும்.

23 ஜூலை 2024, காலை 7.30

பதில் வந்திருக்கிறது. ரென்னில் வேகம் சுமார் 45, பாரிஸில் 54க்கு மேல். வேகம் கூடினால் காற்றின் எதிர்ப்பு அதன் வர்க்கமாகக் கூடும். ஆகவே கம்பியின் பயனும் கூடும் என்கிறார். சரியான வாதம். ஒப்புக்கொள்கிறேன்.

இன்றோடு சரியாக 35 ஆண்டு.

23 ஜூலை 2024, மாலை 6.40

காலையில் அவசரப்பட்டு ஒப்புக்கொண்டுவிட்டேன், திரும்பப் பெறுகிறேன். எதிர்ப்பு விசை கூடுவது உண்மை. ஆனால் நாம் கணக்கிடுவது விசையை அல்ல, நேரத்தை. உடலின் வலு அதுவேயாக இருக்கும்போது, காற்றை எதிர்கொள்ளும் பரப்பை இத்தனை சதவீதம் குறைத்தால் நேரம் இத்தனை சதவீதம் குறையும் என்பது வேகம் மாறினாலும் ஏறக்குறைய மாறாது. மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கிலோமீட்டருக்கு 80 விநாடி ஆகும், 54.5 வேகத்தில் 66 விநாடிதான். ஒரே சதவீதத்தை 80-லிருந்து எடுத்தால் கூடுதலாகவும் 66-லிருந்து எடுத்தால் குறைவாகவும் வரும். ஆகவே கம்பி ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால், பாரிஸில் கிலோமீட்டருக்குக் கிடைத்த லாபம் ரென்னைவிடக் குறைவாக இருந்திருக்க வேண்டும். வெர்சாயிலிருந்து பாரிஸ் பொதுவாக இறக்கம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் என்னைப் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தியது வீண்போகவில்லை.

23 ஜூலை 2024, இரவு 9.05

இன்னொரு திருத்தமும் செய்ய வேண்டியிருக்கிறது. 83 மீட்டர் என்று எழுதியதை ஒருவர், 82 மீட்டர் என்றல்லவா எல்லோரும் எழுதுகிறார்கள் என்று பிடித்திருக்கிறார். சராசரி வேகத்தை எந்தத் தசமத்தில் வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்த விஷயம் அது. அதைவிடப் பெரிய பிழை என்னுடையது. மூன்று வாரச் சராசரி வேகம் மலையேற்றத்தையும் சேர்த்தது. ஷான்ஸெலிஸேயில் ஃபின்யோன் அந்த வேகத்தில் வரவில்லை, மணிக்கு 52.6 கிலோமீட்டருக்குச் சற்று மேலான சராசரியில் வந்துகொண்டிருந்தார். அந்த வேகத்தில் 8 விநாடி என்பது ஏறத்தாழ 117 மீட்டர். கடிகாரம் அவருடைய வெற்றி நேரத்தைத் தாண்டிய அந்தக் கணத்தில், முடிவுக்கோடு அவருக்கு முன்னால் ஒரு கால்பந்து மைதான நீளத்துக்கும் அப்பால் இருந்தது. அந்தத் தூரத்தை அவர் தெரிந்தே கடந்திருக்க வேண்டும். கோட்டைத் தாண்டியதும் கீழே விழுந்து கிடந்தார்.

24 ஜூலை 2024, பகல் 1.20

உணவு இடைவேளையில் பேரேடு ஒன்று போட்டேன். தொடக்க நாளான லக்சம்பர்க் புரோலாகில், அதாவது போட்டியைத் தொடங்கிவைக்கும் சிறிய டைம் டிரையலில், இருவருக்கும் ஒரே நேரம். அங்கே கணக்கு சுழி. மறுநாள் அணியாகச் சேர்ந்து ஓடும் அணி டைம் டிரையலில் ஃபின்யோனின் சூப்பர் யு அணி வென்றது. லெமாண்டின் ஏடிஆர் அணியைவிட 51 விநாடி முன்னால். ரென்னில் லெமாண்டுக்கு 56. ஆக லெமாண்ட் 5 விநாடி முன்னால். பிரனீஸ் மலையில் சூப்பர்பான்யெரில் ஃபின்யோன் கடைசி நேரத்தில் தாக்கி 12 எடுத்தார். இப்போது ஃபின்யோன் 7 முன்னால். ஓர்சியேர்-மெர்லெத் மலை டைம் டிரையலில் லெமாண்டுக்கு 47; லெமாண்ட் 40 முன்னால். அடுத்து பிரியான்சோனில் இன்னும் 13, 53. ஆல்ப் டுவெஸில் ஃபின்யோனுக்கு 1 நிமிடம் 19 விநாடி; ஃபின்யோன் 26 முன்னால். மறுநாள் வில்லார்-த-லான்ஸில் தனியாகச் சென்று வென்று 24, ஐம்பது ஆனது. பாரிஸில் லெமாண்டுக்கு 58.

கூட்டிப் பாருங்கள். ஃபின்யோன் எடுத்தவை 51, 12, 79, 24, மொத்தம் 166. லெமாண்ட் எடுத்தவை 56, 47, 13, 58, மொத்தம் 174. மீதி 8.

மூன்று வாரத்தில் இருவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் 340 விநாடி பிடுங்கி, கடைசியில் 8 விநாடிக்குக் கணக்கு முடித்திருக்கிறார்கள். இதில் எந்த 8 விநாடி அந்த 8 விநாடி? சூப்பர்பான்யெரில் எடுத்த 12-ஐ 20 ஆக்கியிருந்தாலும் சமம். பிரியான்சோனில் 13 கொடுத்ததை 5 ஆக்கியிருந்தாலும் சமம். கடைசி நாளில் தொலைந்ததால் கடைசி நாளில்தான் தொலைந்தது என்று நாம் நினைக்கிறோம். மாதக் கடைசியில் பணப்பை காலியானால் 30-ஆம் தேதி வாங்கிய பாலைக் குற்றம் சொல்வது போன்றது இது.

24 ஜூலை 2024, பகல் 2.05

இன்னொன்றும் இப்போதுதான் கண்ணில் படுகிறது. லெமாண்ட் எடுத்த 174-இல் மூன்று தனிநபர் டைம் டிரையல்களில் மட்டுமே 161. மற்ற சாலைகளில் எல்லாம் சேர்த்து வெறும் 13. சாலையில் இருவரும் சேர்ந்து ஓடியபோது ஃபின்யோன் எடுத்தது 115. ஒருவர் கடிகாரத்தோடு ஓடினார், மற்றவர் மனிதர்களோடு ஓடினார். அணி டைம் டிரையலின் 51 விநாடியோ வலுவான அணியின் தயவு. லெமாண்டின் அணி மலைகளில் அவருக்குத் துணைக்கு ஆள் விட முடியாத சிறிய பெல்ஜிய அணி.

24 ஜூலை 2024, இரவு 10.50

என் வாதத்தை நானே உடைக்கிறேன். வேறு யாராவது உடைப்பதற்கு முன்.

ரென்னில் கிடைத்த 56 விநாடியும் கம்பியால் மட்டுமே கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 0.77. அதே அளவைப் பாரிஸின் 24.5 கிலோமீட்டருக்குப் பெருக்கினால் 19 விநாடி. மேலே நானே சொன்னபடி கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும் 15, 16 வரும். தோல்வியோ 8 விநாடி. ஆகவே கம்பியைக் கழற்றினால் ஃபின்யோனே வெல்கிறார். கேள்வி கேட்ட நண்பர் சொன்னது சரியாகிவிடுகிறது! மூன்று நாளாக நான் கூட்டிக் கழித்தது எல்லாம் அவர் முதல் நாளே சொன்ன இடத்துக்கு என்னைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

ஒரே ஆறுதல்: கம்பி 19 விநாடி என்றால் மீதி 39 விநாடிக்கு வேறு காரணம் வேண்டும். கம்பி மட்டுமே என்று அவர் எழுதிய அந்த 'மட்டுமே'யை நான் விடப்போவதில்லை.

25 ஜூலை 2024, காலை 6.55

அந்த 39 விநாடிக்கு எனக்குத் தெரிந்த முதல் காரணம் ஃபின்யோனின் சீட்.

கடைசி நாட்களில் அவருக்கு இருக்கையில் உராயும் இடத்தில் புண் வந்துவிட்டது. இரவில் தூக்கம் இல்லை. ஊக்கமருந்துச் சோதனை இருப்பதால் விரும்பிய வலிமருந்தை எல்லாம் போட்டுக்கொள்ளவும் முடியாது. இதைச் சாக்கு என்று சொல்பவர்கள் வாழ்நாளில் நீண்ட தூரம் சைக்கிள் மிதிக்காதவர்கள். நான் 200 கிலோமீட்டர் பிரெவே (நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) ஒன்றை 130-ஆவது கிலோமீட்டரில் விட்டுவிட்டு, பொருள் ஏற்றும் வண்டியில் நின்றபடியே வீடு திரும்பியவன். சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி. உட்கார்ந்தால் உயிர் போகிறது. பெடலில் எழுந்து நின்றால் பத்து நிமிடத்தில் தொடை கெஞ்சுகிறது. இடுப்பைச் சற்று ஒரு பக்கமாகச் சாய்த்து மிதித்தால் மறுநாள் முழங்கால் பழி வாங்குகிறது. வலியைத் தாங்கிக்கொள்ளலாம், ஆனால் உடல் தன்னை அறியாமலே வலியைத் தவிர்க்கும் நிலைக்கு நகர்ந்துகொண்டே இருக்கும், அதைத் தடுக்க முடியாது. டைம் டிரையல் என்பது அசையாமல் ஒரே நிலையில் இருந்து மிதிக்கும் கலை. புண்ணோடு அதைச் செய்து மூன்றாம் இடத்தில் வந்திருக்கிறார் அந்த மனிதர். சக அணிக்காரர் தியரி மரி ஒருவரே நடுவில். அவர் மோசமாக ஓட்டவில்லை; மணிக்கு 52 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினார்.

25 ஜூலை 2024, இரவு 8.30

குதிரைவாலை வெட்டியிருந்தால் வென்றிருப்பாரா என்று ஒருவர் கேட்கிறார். தலைக்கவசம் போட்டிருந்தால் குதிரைவாலை வெட்ட வேண்டியதே இல்லை.

27 ஜூலை 2024, காலை 9.10

சனிக்கிழமை, ஆற அமர எழுதலாம். ஃபின்யோனின் இயக்குநர் சிரில் கிமார் பற்றி யாரும் பேசவில்லை. வியப்பாக இருக்கிறது, ஏனென்றால் இந்த 1989-இன் நடுவில் உட்கார்ந்திருப்பவர் அவர்.

லெமாண்ட் அமெரிக்காவிலிருந்து வந்து தொழில்முறை ஓட்டத்தைக் கற்றது ரெனோ அணியில், கிமாரின் கீழ். ஃபின்யோனும் அதே அணியில் வளர்ந்தவர். இருவருடைய உடலையும் கிமார் அங்குலம் அங்குலமாக அறிந்தவர். ஆல்ப் டுவெஸ் ஏற்றத்தில் லெமாண்டின் தோள்கள் அசையத் தொடங்கியதைக் காரிலிருந்தே கண்டு, இவன் களைத்துவிட்டான் என்று ஃபின்யோனுக்குச் சொன்னது அந்த அறிவுதான். ஏறத்தாழ 4 கிலோமீட்டர் மீதம் இருந்தபோது ஃபின்யோன் தாக்கினார்; அந்த 4 கிலோமீட்டரில் 1 நிமிடம் 19 விநாடி. அன்றைய கட்டத்தை முன்னாலேயே போய்விட்ட டச்சுக்காரர் கெர்ட்-யான் தெனிசே வென்றார். ஆனால் போட்டியின் முதுகெலும்பு அந்த 4 கிலோமீட்டர்தான்.

அதே கிமார்தான், ஒரு சைக்கிள் ஓட்டுநரின் தோள் அசைவிலிருந்து களைப்பைப் படிக்கத் தெரிந்தவர்தான், ரென்னில் அந்த ஹேண்டில்பாரைப் பார்த்துவிட்டு அது எத்தனை விநாடி என்று படிக்காமல் விட்டார். ரெனோ காலத்திலேயே சைக்கிளைக் காற்றுச்சுரங்கத்தில் வைத்துச் சோதித்த அணியின் தலைவர் அவர். பழமைவாதி என்று ஒதுக்க முடியாது. அந்த ஹேண்டில்பார் ஒரு பனிச்சறுக்குப் பயிற்சியாளரின் மூளையில் உதித்து, முதலில் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் சேர்த்துச் செய்யும் டிரையத்லான்காரர்களிடம் பரவிய பொருள். ஐரோப்பிய சாலை ஓட்டக்காரர்களுக்கு அது நீச்சல் உடையில் சைக்கிள் ஓட்டுபவர்களின் விளையாட்டுச் சாமான். என் ஊகம் இதுதான்: கண்ணில் பட்டது, மதிப்பில் படவில்லை.

27 ஜூலை 2024, காலை 11.45

என்னுடைய ஹேண்டில்பார் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2011-இல் அதே வகைக் கம்பி ஒன்றை வாங்கினேன். பூட்டிக் கொடுத்த கடைக்காரர் திருகை இறுக்காமல் விட்டதால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முழங்கையை ஊன்றிய முதல் பள்ளத்திலேயே கம்பி கீழ்நோக்கி மடங்கி, நான் முன்சக்கரத்தை முத்தமிடப் பார்த்தேன். இறுக்கிய பின் ஓட்டியபோது தெரிந்தது இரண்டு. ஒன்று, காற்றின் சத்தம் காதில் மாறுகிறது. கதவைப் பாதி சாத்தியது போல. இரண்டு, பிரேக் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது என்ற அச்சம் பழகப் பல வாரம் ஆகிறது. ஃபின்யோன் அதை இரண்டு வாரத்தில் வாங்கிப் பூட்டியிருக்கலாம் என்று முதல் நாள் அலட்சியமாக எழுதினேன். வாங்கலாம். மலைக் கட்டங்களுக்கு நடுவில், பயிற்சிக்கு நேரமே இல்லாமல், அந்த நிலைக்கு இடுப்பையும் முதுகையும் பழக்கிக்கொள்ள முடியுமா என்பது வேறு. அந்த வரியை அழிக்கவில்லை. ஆனால் இப்போது எழுதினால் அப்படி எழுத மாட்டேன்.

28 ஜூலை 2024, மாலை 5.00

மூத்த வாசகர் ஒருவர் நினைவூட்டியதற்கு நன்றி. எனக்கே தோன்றியிருக்க வேண்டும். 1984 ஜீரோ.

அங்கேயும் கடைசி நாள் டைம் டிரையல்; சோவாவெயிலிருந்து வெரோனாவுக்கு. அங்கேயும் ஃபின்யோன்தான் முன்னிலையில், 1 நிமிடம் 21 விநாடி. எதிரே பிரான்செஸ்கோ மோசெர், அன்றைக்குப் புதுமையான டிஸ்க் சக்கரங்களோடு. மோசெர் அன்று ஒரே நாளில் 2 நிமிடம் 24 விநாடி எடுத்து, 1 நிமிடம் 3 விநாடியில் ஜீரோவை வென்றார். தொலைக்காட்சி ஹெலிகாப்டர் தாழப் பறந்து தன் முகத்தில் காற்றடித்தது என்று ஃபின்யோன் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆக ஐந்து ஆண்டு இடைவெளியில் ஒரே மனிதர், கடைசி நாளில், புதுப் பொருளோடு வந்த எதிராளியிடம், இரண்டு பெரிய போட்டிகளை இழந்திருக்கிறார். வெரோனா கற்றுக்கொடுத்த பாடத்தின்படிதான் 1989-இல் இரண்டு டிஸ்க் சக்கரம் போட்டுக்கொண்டு வந்தார். போன போருக்கான கவசம் அது. வேடிக்கை என்னவென்றால் லெமாண்ட் அன்று முன்சக்கரத்தில் டிஸ்க் வேண்டாம் என்று விட்டுவிட்டார். முன்னால் டிஸ்க் இருந்தால் பக்கக்காற்று ஹேண்டில்பாரைத் தள்ளும்.

28 ஜூலை 2024, மாலை 5.20

மேலே உள்ள குறிப்பை வைத்து, அப்படியானால் ஃபின்யோன் திருந்தாத ஆள் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். 1984-இல் ஜீரோவை இழந்த அடுத்த மாதமே டூரை வென்றவர் அவர்.

30 ஜூலை 2024, இரவு 9.30

8 விநாடிதான் உலகிலேயே மிகக் குறைந்த வித்தியாசம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். டூர் டி பிரான்ஸில் மட்டும்தான் அது. ஸ்பெயினின் மூன்று வாரப் போட்டியான வுவெல்தாவில் 1984-இல் எரிக் கரித்து, ஆல்பெர்த்தோ ஃபெர்னாண்டஸை 6 விநாடியில் வென்றிருக்கிறார். டூரில் இதற்கு முன் இருந்த அளவு 38 விநாடி: 1968-இல் யான் யான்சென், அவரும் கடைசி நாள் டைம் டிரையலில்தான். 2007-இல் கொண்டாடோருக்கும் எவான்ஸுக்கும் இடையே 23 விநாடி.

31 ஜூலை 2024, காலை 8.15

டெல்காடோவை விட்டுவிட்டுப் பேசுகிறோம். முந்தைய ஆண்டின் வெற்றியாளர் பெத்ரோ டெல்காடோ, லக்சம்பர்க்கில் புரோலாகுக்கு 2 நிமிடம் 40 விநாடி தாமதமாக வந்தார். உடலைச் சூடேற்றப் போனவர் நேரத்தைத் தவறவிட்டார். உலகம் முழுவதும் கேமராவில் பார்க்கக் காலி மேடையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. 198 பேரில் 198-ஆம் இடம். அந்த அதிர்ச்சியில் மறுநாள் அணி டைம் டிரையலில் சக அணிக்காரர்களோடு சேர்ந்து போகவே முடியாமல் தவித்தார். ஃபின்யோனைவிட ஏழு நிமிடத்துக்கு மேல் பின்னால். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இங்கே யானை மேடைக்கே வரவில்லை.

அதன்பின் ரென்னில் இரண்டாம் இடம், மலைகளில் விடாத தாக்குதல், முடிவில் மூன்றாம் இடம், லெமாண்டுக்கு 3 நிமிடம் 34 விநாடி பின்னால். என் கணிப்பில் அந்த மூன்று வாரத்தில் மிக வலுவான கால்கள் அவருடையவைதான்.

31 ஜூலை 2024, இரவு 10.00

காலையில் எழுதியதில் ஓர் ஓட்டை. டெல்காடோ ஏழு நிமிடம் பின்னால் இருந்ததால்தான் லெமாண்டும் ஃபின்யோனும் முதல் வாரத்தில் ஒருவரை ஒருவர் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சரியான நேரத்துக்கு வந்திருந்தால் அவர்கள் வேறு மாதிரி ஓடியிருப்பார்கள். அவரிடமிருந்து ஏழு நிமிடத்தைக் கழித்துவிட்டு மீதியை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது.

இது சரியென்றால் என் பேரேடும் விழுந்தது. ரென்னில் லெமாண்ட் கம்பி இல்லாமல் ஓடியிருந்தால் மஞ்சள் சட்டை அவரிடம் வந்திருக்காது. அது வராமல் இருந்திருந்தால் சூப்பர்பான்யெரில் கடைசி நேரத்தில் தாக்க ஃபின்யோனுக்குத் தேவையே இருந்திருக்காது. அந்த 12 விநாடி பிறந்தே இருக்காது. 166, 174 என்று மளிகைக் கடைச் சீட்டைப் போலக் கூட்டியிருக்கிறேன். ஒவ்வொரு விநாடியும் முந்தைய விநாடிக்கான பதில்.

2 ஆகஸ்ட் 2024, இரவு 8.45

லெமாண்டுக்குக் கிடைத்தது வெறும் அதிர்ஷ்டம் என்று புதிதாக வந்த ஒருவர் எழுதியிருக்கிறார். 1987 ஏப்ரல் 20-ஆம் தேதி கலிபோர்னியாவில் வான்கோழி வேட்டையின்போது மைத்துனரின் துப்பாக்கி தவறுதலாக வெடித்து, சிறு குண்டுகள் பல அவர் உடலைத் துளைத்தன. இதயத்தின் உறையில் இருந்தவை உட்பட முப்பதுக்கும் மேற்பட்ட ஈயக் குண்டுகளை எடுக்க முடியாமல் உடலிலேயே விட்டார்கள். 1986-இன் டூர் வெற்றியாளர் அடுத்த இரண்டு டூர்களில் புறப்படவே இல்லை. 1989 ஜீரோவில் மலைகளில் வரிசையாகப் பின்தங்கி, போட்டியையே விட்டுவிடும் எண்ணத்தில் இருந்தவர், அதன் கடைசி நாள் டைம் டிரையலில் திடீரென்று இரண்டாம் இடத்தில் வந்தார். அந்த ஜீரோவை ஒட்டுமொத்தமாக வென்றவர் யார்? ஃபின்யோன். எச்சரிக்கை மணி அவர் வீட்டு வாசலிலேயே அடித்திருக்கிறது.

12 ஆகஸ்ட் 2024, காலை 7.05

இன்று ஃபின்யோன் பிறந்தநாள். 1960, பாரிஸ். ஆக அந்த ஞாயிறு அவர் தோற்றது சொந்த ஊரில், பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாம் ஆண்டில். பிரெஞ்சுக்காரர் ஒருவர் கடைசியாக டூரை வென்றது 1985-இல்; அவர் பெர்னார் இனோ. அதன்பின் இன்று வரை இல்லை.

1989-இல் எனக்குப் பதினான்கு வயது. செவ்வாய்க்கிழமை நாளிதழின் விளையாட்டுப் பக்கத்து மூலையில் நான்கு வரிச் செய்தியாக வந்தது. 8 விநாடி என்பது அச்சுப்பிழை, 8 நிமிடமாக இருக்கும் என்று அப்பா சொன்னார், நானும் நம்பினேன். அது பிழையல்ல என்று உறுதியாகத் தெரிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

31 ஆகஸ்ட் 2024, இரவு 9.20

2010-இல் இதே நாளில் ஃபின்யோன் புற்றுநோயால் இறந்தார்; வயது 50. எட்டு விநாடியில் டூரைத் தோற்றவர் அல்லவா நீங்கள் என்று தெருவில் கேட்பவர்களிடம், இல்லை, இரண்டு முறை டூரை வென்றவன் நான் என்று அவர் சொல்வது வழக்கம்.

இந்த இழையின் தலைப்பை வைத்தது நான்தான் என்பது இப்போது உறுத்துகிறது.

1 செப்டம்பர் 2024, காலை 10.10

பேரேட்டைப் பற்றி இன்னும் ஒரு கேள்வி நிலுவையில் இருந்தது: கட்டத்தை வென்றவருக்குத் தரும் போனஸ் விநாடிகளை ஏன் சேர்க்கவில்லை? சேர்க்க ஏதும் இல்லை. ஃபின்யோன் 26 விநாடி முன்னிலையோடு வில்லார்-த-லான்ஸுக்குப் புறப்பட்டு 24 விநாடி முன்னால் வந்து வென்றார். முன்னிலை சரியாக 50. மறுநாள் ஏக்ஸ்-லே-பேனில் லெமாண்ட் வென்றார். முன்னிலை அப்போதும் 50. போனஸ் இருந்திருந்தால் இரண்டு எண்களுமே மாறியிருக்கும். பிற்காலத்து விதிகளின்படி போனஸ் கொடுத்துக் கணக்குப் போட்டால் யார் வெல்வார் என்பதற்கு ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டாம், மூன்றாம் இடங்களையும் எடுத்தாக வேண்டும். எடுக்கத் தொடங்கியிருக்கிறேன், வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.